சரஸ்வதி பூஜையன்று ஆறிய உலை

மயிலாப்பூர்
12-9-1994

சி. மதுவந்திக்கு,

மன்னியின் ஆசிகள். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அண்ணாவின் வாய் எல்லோரையும்விடச் சௌக்கியம். உனக்குச் சளி விட்டதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

அடுத்த ஜூலையில் விண்வெளி ஓடத்தில் உன் சோதனை போகப் போகிறது என்று நீ எழுதினாலும் எழுதினாய், உன் அண்ணாவுக்குக் கால் தரையில் பாவுவதில்லை. இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ரிடையர் ஆன பிறகு வேறு வேலையும் இல்லை. தினமும் சாயந்திரம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் கூட நடக்கிறவர்களுக்கெல்லாம் இதே பிரசங்கம். "என் தங்கை பண்ணின அடுப்பு ஆகாசத்துல எரியப் போறது, தெரியுமோ?" என்று ஆரம்பிப்பாராம். கூட நடக்கிற வெங்கடரமண மாமா, "அங்கே காத்தே கிடையாதே ஓய், அடுப்பு எப்படி எரியும்?" என்று கேட்டிருக்கிறார். "அதெல்லாம் அவ பார்த்துப்பா" என்று சமாளித்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார். மின்சார அடுப்பு என்று சொன்னேன். மறுநாள் அதையும் தன் சரக்காகவே விற்றுவிட்டு வந்தார்.

என்னைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடுகிற ஆட்டோ வேலுவையும் விட்டுவைக்கவில்லை. "இன்னாம்மா, உங்க வூட்டு அடுப்பு ராக்கெட்ல போவுதாமே, அப்போ சமையலுக்கு இன்னா பண்ணுவீங்க?" என்று நேற்று அவன் கேட்டான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல? நான் வெறும் கெமிஸ்ட்ரி டீச்சர். எனக்கே புரியும்படி ஒரு தடவை எழுதேன்.

முக்கியமான விஷயம். அக்டோபர் 13 சரஸ்வதி பூஜை. அன்றைக்கு எந்தக் கருவியையும் தொடாதே. மற்றக் குழந்தைகள் எல்லாம் படிக்க வேண்டாம் என்று துள்ளிக் குதிக்கும்போது, அடுக்கி வைத்த புத்தகங்களின் முதுகையே படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நீ. அதனால்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
மன்னி விசாலாக்ஷி

(ஏரோகிராமின் ஓரத்தில்) ஆசீர்வாதம். உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணா கிச்சா.


டேட்டன், ஓஹையோ
28-9-1994

அன்புள்ள மன்னிக்கு,

மது நமஸ்காரம். சளி விட்டது. சாப்பாடு நடக்கிறது, அதைப் பற்றி அதிகம் கேட்காதீர்கள்.

வேலுவுக்குச் சொல்லுங்கள்: அடுப்பு என்னுடையது இல்லை. அதை உலை என்று சொல்ல வேண்டும், அது பலருக்குப் பொது. அதற்குள் வைக்கிற குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாயும், குழாய்க்குள் இருக்கிற கலவையும்தான் என்னுடையவை.

அண்ணாவுக்குக் காபியில் சர்க்கரை போட்டுக் கலக்காமல் கொடுத்துப் பாருங்கள். முதல் வாய் கசக்கும், கடைசி வாய் பாயசமாக இருக்கும். என் கலவையும் அப்படித்தான். பாதரசம், காட்மியம், டெல்லூரியம் மூன்றையும் சேர்த்து உருக்கி மெதுவாக உறைய வைக்கிறேன். கனமான பகுதி கீழே இறங்கிவிடுகிறது. உறைந்து வருகிற படிகம் ஒரு முனையில் ஒரு மாதிரியும் மறுமுனையில் வேறு மாதிரியும் இருக்கிறது. இருட்டில் வெப்பத்தைப் பார்க்கிற கருவிகளுக்கு இந்தப் படிகம்தான் கண், அது ஒரே சீராக இருந்தால்தான் பார்வை சரியாக இருக்கும். மேலே, ஓடத்தில், எதற்கும் எடை கிடையாது, அதனால் எதுவும் கீழே இறங்காது. ஒரு தடவையாவது சீராக உறைந்த படிகத்தைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஐந்து வருஷமாக எனக்கு வேறு ஆசை இல்லை.

இப்போது சோதனைக் காலம். உலை இரவும் பகலும் அணைவதில்லை. நாங்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். ஒரு குழாய் முடிந்ததும் சூடு அடங்குவதற்கு முன்பே இடுக்கியால் எடுத்துவிட்டு அடுத்ததை வைக்கிறோம். ஆற விடுவதற்கெல்லாம் நேரமில்லை.

13ஆம் தேதி என் முறைதான். கூட வேலை செய்கிற பாலிடம் மாற்றிக்கொண்டுவிட்டேன். காரணம் கேட்டான். வீட்டில் விசேஷம் என்றேன். கருவிக்கு லீவு என்று சொன்னால் அவனுக்குப் புரியுமா?

உங்கள்,
மது


மயிலாப்பூர்
20-10-1994

சி. மதுவுக்கு,

மன்னியின் ஆசிகள். சுண்டல் தின்றே இங்கே எல்லோருக்கும் வயிறு மந்தம், மற்றபடி குறையில்லை.

காபிப் பரிசோதனையை அன்றைக்கே செய்தேன். உன் அண்ணா முதல் வாயிலேயே, "என்னடி விசாலம், சர்க்கரை போட மறந்துட்டியா?" என்றார். கடைசி வரைக்கும் குடிங்கோ என்றேன். குடித்துவிட்டு விஷயத்தைக் கேட்டதும் டம்ளரை எடுத்துக்கொண்டே பூங்காவுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே போய் எத்தனை பேருக்கு விளக்கினாரோ.

இந்த வருஷ கொலுவில் தெர்மகோலில் ஒரு ராக்கெட். அவரே வெட்டி, ஒட்டி, செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். செட்டியாரின் தராசில் உன் குழாயை நிறுத்து அனுப்புகிறார்களாம். வந்த மாமிகள் எல்லோரும் பாட்டைவிட ராக்கெட்டைத்தான் அதிகம் பாராட்டினார்கள். சரஸ்வதி பூஜையன்று உன்னுடைய பழைய லாகரிதம் புத்தகத்தையும் அடுக்கில் வைத்தேன்.

நீ எதையும் தொடவில்லையே?

அன்புடன்,
மன்னி

(ஓரத்தில்) ஆசீர்வாதம். ராக்கெட் போட்டோ பின்னால் வரும். கிச்சா.


டேட்டன்
4-11-1994

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். நான் நலம், அங்கும் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னபடி அன்று எதையும் தொடவில்லை. ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பூஜைக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்தேன்.

இங்கே மரங்களெல்லாம் சிவந்து, மஞ்சளாகி, உதிர்ந்துகொண்டிருக்கின்றன. வாசலில் கணுக்கால் வரை இலை. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் கூட்டிக் குவிக்கிறார், காற்று தினமும் கலைக்கிறது. காலையில் பனி மூட்டம். கண்ணாடியைச் சுரண்டிவிட்டுத்தான் காரை எடுக்க வேண்டியிருக்கிறது.

வேலை இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

மது


மயிலாப்பூர்
12-12-1994

சி. மதுவுக்கு,

ஆசிகள். நாங்கள் நலம். நீ நலமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் அந்தக் கேள்வியை மரியாதைக்காக இல்லாமல் நிஜமாகவே கேட்கிறேன்.

தீபாவளிக்கு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கடைசியாக வந்த கடிதம் முழுக்க இலை. உனக்கு எப்போதடி இலையைப் பிடித்தது? அடையாறு ஆலமரத்தைப் பார்க்கக் கூட்டிப்போனபோது, நுழைவாயிலில் இருந்த தராசில் உன் செருப்பை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் நீ. குழாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூட வேலை செய்கிற பாலைப் பற்றி இல்லை. எனக்கு முப்பது வருஷமாகப் பெண் குழந்தைகளின் முகத்தைப் பார்த்தே யார் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று சொல்லத் தெரியும். எழுத்துக்கும் முகம் உண்டு.

இங்கே உன் அண்ணா ஜூலைக்கு லஸ் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். ஓடம் கிளம்புகிற அன்று டி.வி. வைத்து எல்லோருக்கும் காட்டப் போகிறாராம். வெங்கடரமண மாமா வரவேற்புரை. கோபித்துக்கொள்ளாதே, எனக்கும் அதில் சந்தோஷம்தான்.

என்ன நடந்தது என்று எழுது.

மன்னி

(ஓரத்தில்) ஆசீர்வாதம். ஹால் பெரியது, மின்விசிறி நிறைய. கிச்சா.


டேட்டன்
3-1-1995

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களிடம் மறைக்க எனக்குத் தெரியவில்லை. இலையை விட்டு வேறு எதையாவது பற்றி எழுதியிருக்க வேண்டும்.

அன்று என் முறையை ஏற்றுக்கொண்ட பாலின் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. வர முடியாது என்று சொல்ல எனக்குப் போன் செய்திருக்கிறான். நான் பூஜைக்குப் போயிருந்தேன். உலைக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. கேட்பாரில்லாத உலை தானாக அணைந்து, உள்ளே என் குழாயோடு மறுநாள் வரை ஆறிக் கிடந்தது. காலையில் போனதும் எல்லோர் எதிரிலும் திட்டு வாங்கினேன். எங்கே போயிருந்தாய் என்று கேட்டார்கள். ஆயுதத்தைத் தொடக் கூடாத நாள் என்று அந்த அறையில் என்னால் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு குழாயை வெளியே எடுத்தேன். பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு விரிசல்.

இதுவரை ஒரு குழாய்கூட விரிசல் விட்டதில்லை. ஏனென்றால் இதுவரை ஒரு குழாயையும் நாங்கள் உள்ளேயே முழுக்க ஆற விட்டதில்லை. ஆனால் மேலே அப்படித்தான் செய்வார்கள். சூடான எதையும் அவர்கள் கையில் எடுக்கக் கூடாது. உலை முழுக்க ஆறிய பிறகுதான் திறப்பார்கள். திறக்கும்போது விரிசல் வழியாகப் பாதரச ஆவியும் காட்மியமும் வெளியே வந்தால், அது ஜன்னலைத் திறக்க முடியாத அறை.

எங்கள் தலைவர் ஹாலோரன் நல்ல மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். அன்று நீ இல்லாததால் உலை முறை தவறி ஆறியது, முறை தவறிய சோதனையை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை, அப்படியே எழுதிவிடலாம் என்றார். தப்பு என்னுடையது, குழாய் நல்ல குழாய் என்று நான் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், ஜூலையில் அது பறக்கும். மறுத்தால் மறுபடி சோதனை. அதிலும் விரிசல் விட்டால் என் இடம் வேறு குழுவுக்குப் போய்விடும்.

மேலே போகிறவர்களில் ஒரு பெண்மணி செப்டம்பரில் பயிற்சிக்கு வந்திருந்தாள். குழாயைப் பிடிக்க அவளுக்குக் கை பிடித்துச் சொல்லிக்கொடுத்தது நான். "உடைந்துவிடாதே?" என்று கேட்டாள். "உடையாது" என்று நான்தான் சொன்னேன்.

இந்த மாதக் கடைசியில் கூட்டம். அண்ணாவிடம் சொல்ல வேண்டாம், நானே எழுதுகிறேன். இது உங்களால் வந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். அப்படி நினைப்பீர்கள் என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை.

மது


மயிலாப்பூர்
19-1-1995

என் அருமை மதுவுக்கு,

மன்னியின் ஆசிகள். இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை, நீ தைரியமாக இரு.

படித்ததும் முதலில் என்ன நினைத்தேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கையெழுத்தைப் போட்டுவிடு என்றுதான் நினைத்தேன். ஒரு திட்டுதானே, வாங்கியாகிவிட்டது. நான் சொன்ன பேச்சைக் கேட்டதற்காக உன் ஐந்து வருஷம் ஏன் போக வேண்டும்? அந்த எண்ணத்தோடேயே பள்ளிக்கூடம் போனேன்.

பத்தாம் வகுப்புக்கு லேப். நொச்சிக்குப்பத்திலிருந்து வருகிற தேசம்மா கை தவறித் தெர்மாமீட்டரைக் கீழே போட்டுவிட்டாள். பாதரசம் மணி மணியாகத் தரையில் ஓடியது. பார்க்க அழகாக இருக்கிறதல்லவா, அதைப் பிடிக்க எல்லாப் பெண்களும் குனிந்தார்கள். "தொடாதீங்கடி, ஜன்னலைத் திறங்கோ, எல்லாரும் வெளில போங்கோ" என்று நான் போட்ட சத்தத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் ஓடி வந்துவிட்டார். பெண்கள் எல்லாம் வராந்தாவுக்குப் போன பிறகு, திறந்த ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடல் காற்று வந்தது. ஜன்னலைத் திறக்க முடியாத அறை என்று நீ எழுதியிருந்தாயே, அப்போதுதான் அது எனக்கு உறைத்தது.

என்ன செய் என்று நான் சொல்லப் போவதில்லை. இந்தக் கடிதம் வருவதற்குள் நீ முடிவு செய்திருப்பாய். என்ன முடிவு என்றும் எனக்குத் தெரியும். நான் ஒரு கணம் தடுமாறினேன், நீ தடுமாறவில்லை. அதை நினைத்தால் எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை.

உன் அண்ணாவிடம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சீக்கிரம் எழுது. அவர் அழைப்பிதழ் அச்சடிக்க ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடியாது.

மன்னி

(ஓரத்தில்) ஆசீர்வாதம். நேரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறேன். கிச்சா.


டேட்டன்
22-2-1995

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். நலம்தான், நன்றாகத் தூங்குகிறேன். நாலு மாதம் கழித்து இப்போதுதான்.

உங்கள் கடிதம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் கையெழுத்துப் போடவில்லை. மறுபடி ஒரு குழாயை வைத்து, உலையை அணைத்து, முழுக்க ஆற விட வேண்டும் என்று கேட்டேன். யாரும் கிட்டே போகக் கூடாது, எதையும் தொடக் கூடாது என்று ஹாலோரன் உத்தரவு போட்டார். உத்தரவைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றவர்கள் விநோதமாகப் பார்த்தார்கள்.

அதே இடத்தில் விரிசல் விட்டது.

ஜூலையில் என் குழாய் போகாது. அந்த இடத்தை வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன். இப்போது வேலையைப் பார்க்கிறேன். காரணம் பிடிபட்டுவிட்டது. கலவை குழாயின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, முழுக்க ஆறும்போது சுருங்கிச் சுவரையும் சேர்த்து இழுக்கிறது. உள்சுவரில் மெல்லிசாகக் கரி பூசிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி.

அண்ணாவுக்கு எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். "அன்புள்ள அண்ணா" என்று எழுதுவதோடு நின்றுவிடுகிறது. அந்த நேரு ஜாக்கெட் கண் முன்னால் வந்துவிடுகிறது.

மது


மயிலாப்பூர்
28-6-1995

சி. மதுவுக்கு,

ஆசிகள். வெயில் குறையவில்லை, தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது தவிர உடம்புக்குக் கேடில்லை.

நீ எழுதுவாய் என்று இத்தனை மாதம் பார்த்தேன். நேற்று உன் அண்ணா ஹாலுக்குப் போய் நாற்காலி எண்ணிவிட்டு வந்தார். அதற்கு மேல் நான் பொறுக்கவில்லை. உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன், விரிசல், ஹாலோரன், கையெழுத்து, எல்லாம். கடைசியில், "எனக்கு ஏன் சொல்லல?" என்றார். குழாய் போகாததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதை மட்டும்தான் கேட்டார்.

எனக்கும் பொறுமை போய்விட்டது. "உங்க தங்கையைப் பத்தி ஊர்ல எல்லார்கிட்டயும் பேசறேளே, அவகிட்ட என்னிக்காவது பேசியிருக்கேளா? ஓரத்துல ஒரு வரி எழுதினா ஆச்சா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஹாலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பூங்காவுக்குப் போவதில்லை. வெங்கடரமண மாமா வாசலில் வந்து கூப்பிட்டால் முழங்கால் வலி என்கிறார். தெர்மகோல் ராக்கெட் பரணுக்குப் போய்விட்டது.

இந்தக் கடிதத்தை எப்போதும்போல் அவரிடம் நீட்டினேன். பார்த்துவிட்டு மேஜை மேலேயே வைத்துவிட்டார். ஓரம் காலியாக வருகிறது. கொஞ்ச நாள் விடு. ஆறட்டும்.

மன்னி


டேட்டன்
27-8-1995

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். நலம். அண்ணாவின் முழங்காலுக்கும் மனசுக்கும் எப்படி இருக்கிறது?

காலியான ஓரத்தைத்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான் கடிதத்தைப் படித்தேன்.

ஓடம் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பிவிட்டது. உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. என் குழாய் விரிசல் விட்ட பிறகு, மற்றக் குழுக்களின் குழாய்களையும் முழுக்க ஆற விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவின் குழாயும் விரிசல் விட்டது. அதை மாற்றித்தான் அனுப்பினார்கள். போன வாரம் அந்தப் பெண்மணி எங்களைப் பார்க்க வந்தாள். "உடையாது என்று சொன்னாயே, அந்தக் குழாய் எங்கே?" என்று என்னைத் தேடி வந்து கேட்டாள். "அதுதான் உடைந்துவிட்டதே" என்றேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என் கையைப் பிடித்தவள் கொஞ்ச நேரம் விடவே இல்லை.

ஹாலோரன் இப்போது ஒரு விதி எழுதிவிட்டார். ஒவ்வொரு குழாயையும் ஒரு முழு நாள் யாரும் தொடாமல் ஆற விட்ட பிறகுதான் அது தேறியதாகக் கணக்கு. அறிக்கையில் ஒரு கேள்வி பாக்கி இருந்தது: முதல் தடவை உலை ஏன் கவனிப்பாரில்லாமல் கிடந்தது? இந்தத் தடவை நிஜத்தைச் சொன்னேன். வருஷத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டில் கருவிகளைக் கும்பிட்டு வைத்துவிடுவோம், தொட மாட்டோம், மறுநாள் எடுத்து வேலையைத் தொடங்குவோம் என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். காலண்டரை எடுத்து, இந்த வருஷம் அது என்றைக்கு என்று கேட்டார். கரி பூசிய குழாயின் முதல் சோதனையை அதற்கு மறுநாள் போட்டிருக்கிறார். தேறினால் அடுத்த வருஷப் பயணத்தில் இடம் கேட்கலாம். கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

பரத்வாஜ் என்று ஓர் அடையாறுப் பையன் இங்கே படிக்கிறான், விடுமுறைக்கு வருகிறான். அவனிடம் விரிசல் விட்ட ஒரு குழாயைக் கொடுத்தனுப்புகிறேன். இது பாதரசம் இல்லாமல் வேறு உலோகத்தை வைத்துப் பார்த்தது, சுத்தம் செய்தும் விட்டேன், பயம் வேண்டாம். அண்ணாவிடம் கொடுங்கள். எனக்கு எழுத வராததை அவர் பார்த்தாவது தெரிந்துகொள்ளட்டும்.

மது


மயிலாப்பூர்
3-10-1995, விஜயதசமி

சி. மதுவுக்கு,

அண்ணாவின் ஆசீர்வாதம். நான் சௌக்கியம். உன் மன்னியும் சௌக்கியம்; பக்கத்தில் நின்று நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறாள். ஓரத்தில் எழுதியே பழகியவன், முழுத் தாளைக் கொடுத்தால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பரத்வாஜ் குழாயைக் கொண்டுவந்து கொடுத்தான். நல்ல பையன், காபி கலக்கிக் கொடுத்தோம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். விரிசல் முதலில் தெரியவே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகு, ஒரு சாய்வில் மட்டும் தெரிந்தது. இத்தனை சின்ன விஷயத்தை நீ பார்க்காத மாதிரி இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வெகு நேரம் அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்றுப் பூஜையில் குழாயை உன் லாகரிதம் புத்தகத்தின் மேல் வைத்தேன். நான் வைத்தேன், உன் மன்னி இல்லை. சந்தனம் குங்குமம் இடப் போனேன். "கருவியில அழுக்குப் பண்ணாதீங்கோ" என்று அவள் கையைப் பிடித்துவிட்டாள். பொட்டைப் புத்தகத்துக்கு இட்டேன்.

சாயந்திரம் பூங்கா கூட்டம் மொத்தமும் சுண்டலுக்கு வந்தது. வெங்கடரமணன் கண்ணில்தான் முதலில் பட்டது. "ஏன் ஓய், ஒடைஞ்சதைப் போய் யாராவது பூஜையில வைப்பாளா?" என்றார்.

"இப்படி ஒண்ணு ஒடைஞ்சதாலதான் ஓய், ஓடத்துல போன ஏழு பேர் பத்திரமா வீடு திரும்பினா" என்றேன்.

"அப்போ அந்த அடுப்பு போகலையா?"

"போகல. போகப்படாதுன்னு என் தங்கையே நிறுத்திட்டா. ஒரு கையெழுத்துப் போட்டா போயிருக்கும், போட மாட்டேன்னுட்டா."

ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ அன்று திட்டு வாங்கியதையும் விடவில்லை. வெங்கடரமணன் எழுந்து போய் அடுக்குக்கு முன்னால் இன்னொரு தடவை நமஸ்காரம் பண்ணிவிட்டு வந்தார். ஆட்டோவுக்குப் பூஜை போட்டுவிட்டுப் பொரி கொண்டுவந்த வேலு, வாசலில் நின்றே முழுக்கக் கேட்டிருக்கிறான். "சாமி, போன வருசம் நீ சொன்ன கதைய வுட இது சோக்கா கீது" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இனிமேல் பூங்காவில் இதைத்தான் சொல்லப் போகிறேன், நீ தடுத்தாலும் கேட்க மாட்டேன்.

உன் மேல் எனக்கு வருத்தம் இருந்தது, இப்போது இல்லை. நீ எனக்கு எழுத உட்கார்ந்து "அன்புள்ள அண்ணா" என்பதோடு நிறுத்தினாயாமே. அதை மட்டும் அனுப்பியிருந்தாலும் போதுமே அம்மா.

நேற்று முழுக்கப் பேனாவைத் தொடவில்லை. இன்று காலை புனர்பூஜை முடிந்ததும் எடுத்தேன். முதலில் எழுதுவது உனக்குத்தான். உங்கள் ஊரில் இன்னும் விடிந்திருக்காது. விடிந்ததும் நீ போய் உலையை மூட்டுவாய். நன்றாக ஆற விட்டே எடு. இங்கே எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை.

உன் அண்ணா,
கிச்சா

(ஓரத்தில்) ஆசீர்வாதம். எனக்கு இவ்வளவு இடம்தான் விட்டிருக்கிறார். மன்னி.